புனங்காவலும் உயிரிரக்கமும்

சிவமயம்

பனிக்காலம் கழிந்து இளவேனில் தலைப்படுதற்கு முன்னதாகிய மாசித் திங்களிலே, புதுக்கோட்டை நாட்டுப் புன்செய் நிலங்களை வைகறையிற் சென்று காண்பார்க்கு ஒரு காட்சி புலப்படும். ஐப்பசி கார்த்திகைகளிற் பெய்த மழையால் நிரம்பிய கண்மாய்கள் அடிவற்றத் தொடங்கியிருக்கும். வானம் பார்த்த வயல்களில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும். கிணற்றுப் பாசனம் உள்ள கொல்லைகளில் மாத்திரம் நிலக்கடலையும் உளுந்தும் பசுமை மாறாது விளங்கும். சுற்றிலும் காடு காய்ந்து கிடப்ப, நடுவே இப்பசுமை ஒன்றே தோன்றுங்கால், அதனை நாடி வருவோர் மக்கள் மாத்திரமல்லர்.

இந்நாடு பழைய காலந்தொட்டே சிறு குன்றுகளும் காடுகளும் கண்மாய்களும் விரவிய நாடாகும். தொண்டைமான் மன்னர் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாயிருந்து, 1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3 ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974 ஆம் ஆண்டிலே தனி மாவட்டமாயிற்று. விசயாலய சோழீச்சரம் விளங்கும் நார்த்தாமலையைச் சூழ்ந்த காப்புக்காடு முதலியவற்றிற் புள்ளிமான் இன்றும் வாழ்கின்றது. விராலிமலையில் முருகப்பெருமான் திருக்கோயிலைச் சூழ மயிற்கூட்டம் மலிந்துள்ளது. முயல், நரி, கீரி, உடும்பு, காட்டுப்பன்றி, கௌதாரி, ஆட்காட்டி முதலியனவும் ஆண்டாண்டு உள்ளன. ஆயினும் இக்காடுகள் மேற்றிசை மலைத்தொடரின் காடுகள் போலத் தொடர்ந்து பரந்தன அல்ல. ஊர்களுக்கும் வயல்களுக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடப்பன. பாலையும் வீரையும் காரையும் சூரையும் செறிந்திருந்த இடம் பலவற்றில் இப்போது தைலமரங்கள் நிரைநிரையாக நிற்கின்றன. அவற்றின் இலை மானுக்கு உணவாகாது. ஆகலின் மழை நின்று புல் காய்ந்தவுடன், பசியும் நீர்வேட்கையும் அவ்வுயிர்களைக் கொல்லைகளை நோக்கிச் செலுத்துகின்றன.

அச்சாரலிற் சிறு கொல்லையுடைய உழவன் ஒருவன் விடியுமுன் நீர் பாய்ச்சச் செல்கின்றான் என்று கொள்க. வரப்பின்மேற் பனியீரம் ஆறாத மண்ணிலே பிளவுபட்ட சிறு குளம்பின் சுவடுகள் வரிசையாகத் தோன்றும். கடலைச் செடியின் கொழுந்துகள் பிய்ந்து நிற்கும். மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லையாதலின், அது மேய்ந்த கொழுந்து பிய்ந்திருக்கும். முயல் மேய்ந்ததோ கத்திகொண்டு அறுத்தாற்போல் ஒழுங்காயிருக்கும். காட்டுப்பன்றி புகுந்த இடம் ஏர் உழுதாற்போற் கிளறப்பட்டுக் காயும் வேரும் சிதறிக் கிடக்கும். இச்சுவடுகளால், இரவில் வந்தது யாதென அவ்வுழவன் ஏட்டில் எழுதியதைப் படிப்பான் போலப் படித்தறிவான்.

அவன் ஓசைப்படாது நின்று நோக்குவானாயின், எல்லையிலுள்ள புதரோரத்திற் புள்ளிமான் கூட்டத்தையே காணுதலுங் கூடும். பிணைகளும் மறிகளும் முன்னே மேயும். கலை சிறிது விலகி நிற்கும். அதன் கொம்பு ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்து மீள முளைப்பது. முளைக்குங்கால் மெல்லிய தோல் போர்த்திருக்கும். பல மானினங்களில் மறிப்பருவத்துப் புள்ளி வளர்ந்தபின் மறையும்; இவ்வினத்திற்கோ அது வாழ்நாள் முழுதும் மாறுவதில்லை. எல்லாம் ஒருங்கே தலைகுனிந்து மேய்தல் அரிது. ஒன்றேனும் தலைநிமிர்ந்து செவியைத் திருப்பியபடி நிற்கும். ஐயம் பிறந்தவுடன் அது முன்காலால் நிலத்தை உதைத்து, வாலை உயர்த்தி, ஒரு கூவல் கூவும். அக்கணமே கூட்டம் முழுதும் புதரில் மறையும். ஈன்றணிமையுடைய பிணை தன் மறியைப் புல்லிடை மறைத்துவைத்து மேயச் சென்று, மீண்டு வந்து பாலூட்டும். அக்குட்டியும் தாய் வருந்துணையும் அசையாது கிடக்கும்.

இதனைக் காண்பான் உள்ளத்தில் ஒரே காலத்து இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. ஒன்று, இவ்வுயிரின் அழகும் அச்சமும் தாயன்பும் கண்டு நெகிழ்தல். மற்றொன்று, கடன்பட்டு விதைத்த விளைவு அழிகின்றதே என வெகுளுதல். இரண்டும் மெய்யே. நகரத்திருந்து மானின் அழகைப் புகழ்வார்க்கு இரண்டாவது எண்ணம் இல்லை. அவர்தம் இரக்கத்திற்கு விலையும் இல்லை. விலை கொடுப்பவன் உழவனே. ஆகலின், தன் உழைப்பைக் காத்தலும் பிறவுயிரைக் காத்தலும் தம்முள் மாறுபடும் இடத்துச் சிவநெறி நிற்பான் செய்யத்தக்கது யாது என்னும் வினா அவன் கொல்லையிலேதான் உண்மையாக எழுகின்றது. அதற்கு விடை காண்டலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாம்.

முதற்கண், பயிரை மேய்ந்த மான் கள்வனோ என ஆராய்தல் வேண்டும். பிறர்க்குரியது என்றறிந்தும் அதனை வஞ்சித்துக் கொள்ளுதலே களவு. உரிமை என்பது மக்கள் தம்முள் வகுத்துக்கொண்ட வழக்கு. பட்டாவும் எல்லைக்கல்லும் அவ்வழக்கின் அடையாளம். மான் அவ்வழக்கை அறியாது. விதியும் விலக்கும் அவற்றை உணர்தற்குரிய மக்கட்பிறப்பை நோக்கி வகுக்கப்பட்டன. விலங்குடம்போ பெரும்பாலும் முன்னை வினையை நுகர்ந்து கழித்தற்கே உரியது. விலக்கு இல்லாதவழிக் குற்றமும் இல்லை. குற்றம் இல்லாதவழி ஒறுத்தலும் இல்லை. மழை பொய்த்தும் வெள்ளம் பெருகியும் பயிர் அழிதல் உண்டு; அதற்காக மேகத்தை ஒறுப்பார் யாவர்? எனவே மானால் வந்த இழப்பு இழப்பேயன்றிக் களவன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாத்திரத்தே வெகுளியிற் பாதி நீங்கும்.

களவென்றே கொள்ளினும், அதனை நோக்கும் முறையை இந்நாட்டிலேயே ஒரு பெரியார் காட்டியுள்ளார். விராலிமலைக்கு அணித்தாகிய கொடும்பாளூரில் அரசு புரிந்தவர் இடங்கழி நாயனார். அடியார்க்கு அமுதளிக்கும் நியமமுடைய ஒருவர், பொருள் முட்டுப்பட்டு, இரவிலே அரசரது நெற்பண்டாரத்திற் புகுந்து எடுத்துக் காவலரிடம் அகப்பட்டார். அரசர், “எடுத்தவன் யாவன்?” என்பதோடு நில்லாது, எடுத்த காரணத்தையும் வினவினார். அறிந்தபின், பண்டாரத்தை அடியார்கள் முகந்துகொள்க எனப் பறை சாற்றுவித்தார் என்பது சேக்கிழார் சுவாமிகள் அருளிய வரலாறு. ஆண்டு எடுத்தவர் அறிந்தே எடுத்தார்; அன்பின் பொருட்டு எடுத்தமையால் அரசர் அதனைக் குற்றமாகக் கொண்டிலர். ஈண்டு மான் அறியாமலே எடுத்தது. பசியின் பொருட்டு எடுத்தது. அடியார்க்கு ஈதலும் விலங்கு மேய்தலும் ஒன்றாகா என்பது உண்மையே. ஆயினும் ஒறுக்குமுன் காரணம் வினவுக என்னும் அந்நீதி இரண்டிடத்தும் ஒக்கும். மான் கொல்லைக்கு வந்த காரணத்தை வினவினால், காட்டை மாற்றிய மக்கள் செயலும் அவ்விடையில் ஒரு பங்கு பெறும்.

அற்றேல், “ஒவ்வோருயிரும் தன் வினைப்பயனையே நுகர்கின்றது, மான் உழவன் கையால் இறப்பின் அதுவும் அதன் வினையே, அவனுக்கு வரும் பழி யாது?” எனின், அது சித்தாந்தத்தை அரைகுறையாகக் கேட்டார் கூற்றாம். பிராரத்தம் நுகரப்படுதல் உண்மை. ஆயின் அதனை ஊட்டுவோன் இறைவனே. அறிவில்லாத வினை தானே வந்து பொருந்தமாட்டாது. கொல்லுவான் அவ்வருளின் கருவியாக நின்று கொல்கின்றிலன். தன் விருப்பும் வெறுப்புமே காரணமாகக் கொல்கின்றான். அவ்விருப்பு வெறுப்புக்களே ஆகாமியத்திற்கு வித்தாகும். இறந்த உயிரின் வினை கழிந்தது என்பது அவனுக்கு ஒரு பேறும் தாராது. கொன்றதனால் விளைந்த வினையோ அவனதே. மேலும் அவ்வழக்கை மேற்கொண்டார் அதனைத் தமக்கும் கொள்ளுதல் வேண்டும். மான் இறத்தல் மானின் வினையாயின், பயிரிழத்தலும் உழவனது வினையே யன்றோ? தன் இழப்பை மட்டும் அநீதியென்றும், பிறவுயிரின் சாவை வினையென்றும் கூறுதல் நடுவுநிலைமை அன்று.

இனி, “இவ்வாறாயின் மானை ஓட்டுதலும் குற்றமாமே, கொல்லையைத் திறந்துவிட்டு வாளாவிருத்தலே அறமாமோ?” எனின், அன்று. இல்வாழ்வான் மனைவி மக்களையும் விருந்தையும் சுற்றத்தையும் புரத்தற்குக் கடமைப்பட்டவன். அவன் விளைவிக்கும் நெல்லும் பருப்புமே திருக்கோயில் அமுதும் மாகேசுர பூசையும் ஆவன. முயற்சியின்றி இருத்தல் வினையை ஏற்றலாகாது, அது மடிமையாம். ஆகவே புனங்காத்தல் அறமே. ஆயின் காத்தல் வேறு, ஒறுத்தல் வேறு, கொல்லுதல் வேறு. காப்பவன் நோக்கம் பயிரின்மேலது. ஒறுப்பவன் நோக்கம் பகையின்மேலது. மான் அகன்றவுடன் காவல் நிறைவுறும். அகன்றபின்னும் தொடர்ந்து சென்று அதனை வீழ்த்துவான் பயிரைக் காத்தவன் அல்லன். தன் வெகுளிக்கு இரை தேடினவனே.

இவ்வேறுபாட்டைத் தமிழ்நாடு மிகப் பழமையாகவே அறிந்திருந்தது. தினைப்புனத்திற் பரண்மீதிருந்து தட்டையும் கவணும் கொண்டு கிளி முதலியன கடியும் வழக்கம் சங்கச் செய்யுட்களிற் பலவிடத்தும் வருவது. அவ்வழக்கத்திற்குச் சைவர் உள்ளத்தில் நீங்கா இடம் பெற்றவர் வள்ளி நாயகியார். கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணத்தின்படி அவர் தோன்றியது ஒரு மானின் வயிற்றிலே. மான் ஈன்று வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் விட்டுச்செல்ல, வேட்டுவர் தலைவன் கண்டெடுத்து வளர்த்தனன். அவ்வாறு மான் மகளாகத் தோன்றியவரே வேட்டுவர் சேரியில் வளர்ந்து, தினைப்புனம் காக்கும் தொழிலையும் மேற்கொண்டார். இவ்வரலாற்றை வழிவழியாகக் கேட்டுவரும் அடியார் பலரும் அதன் இப்பகுதியை நின்று எண்ணுவதில்லை. புனத்தை அழிக்க வருவதும் மான். காக்க நின்றவரும் மானின் மகள். புனத்துக்குரியார் ஒரு குலம், அதனை மேய்வன பகைக்குலம் என்னும் பிரிவு அங்கு இல்லை. அவர் கையிலிருந்தது ஓட்டுங் கருவி. வாயிலிருந்தது ஓட்டுஞ் சொல். அப்புனத்திற்கே முருகப்பெருமான் தாமே வந்தருளினார். உறவென்று அறிந்தும் ஓட்டலாம். ஓட்டுங்காலும் உறவென்பதை மறத்தல் ஆகாது. புனங்காவலின் முழுவிலக்கணமும் இதனுள் அடங்கும்.

உறவென்பது முகமனாகச் சொல்லப்பட்டதன்று. உயிர்கள் அநாதி; எண்ணிறந்தன; ஆணவத்தாற் கட்டுண்டமையின் யாவும் பசு என ஒரு பெயர் பெற்றன. தேவர், மக்கள், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம் என்னும் எழுவகைப் பிறப்பும் அவை உடுத்துக் களையும் உடைகளே. புதுக்கோட்டை நாட்டிற்குட்பட்ட திருப்பெருந்துறையிலே குருந்தமர நீழலில் ஆட்கொள்ளப்பெற்ற மணிவாசகப் பெருமான், புல்லும் புழுவும் மரமும் விலங்குமாகப் பிறந்து பிறந்து இளைத்தமையைச் சிவபுராணத்திலே தம்மேல் வைத்து விண்ணப்பித்தருளினார். அவ்விண்ணப்பத்தை நாடோறும் ஓதுவான், கொல்லையில் நிற்கும் மானைத் தான் கடந்துவந்த வழியில் பின்னே வரும் ஒருவனாகக் காணுதல் வேண்டும். ஓதுங்கால் மெய்யென்று கொண்டதனை வரப்பின்மேல் நிற்குங்காற் பொய்யென்று விடுதல் தகாது.

“கண்ணப்ப நாயனார் வேட்டையாடி ஊனமுதும் படைத்தாரன்றோ?” என்று வினவுவாரும் உளர். ஆண்டு இறைவன் ஏற்றது ஊனையன்று, அன்பையே என்பது யாவரும் அறிந்த விடை. அதனினும் நுட்பமாக நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நாயனாரின் கன்னிவேட்டையைப் பாடுமிடத்துச் சேக்கிழார் சுவாமிகள், வேடர்கள் யானைக்கன்றுகளைத் தொடராமையையும், விலங்கின் சிறு குட்டிகளைக் கொல்லாமையையும், சூல்கொண்டு நடை தளர்ந்த பிணைகளை வருத்தாமையையும் எடுத்துரைத்தார். கொலையே தொழிலாகக் கொண்ட குலத்தார்க்கும் ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லையைக் காத்தற்கு அவர் ஒவ்வொரு விலங்கையும் கண்ணால் நோக்கி, இது குட்டி, இது சூலுடையது என்று அறியவேண்டியிருந்தது.

இக்காலத்து மின்வேலியிலோ அந்நோக்கம் அறவே இல்லை. வீட்டுக்கு வரும் மின்னாற்றலை நேரே கம்பியிற் பாய்ச்சிவிட்டு உழவன் உறங்கச் செல்கின்றான். அக்கம்பி மான் என்றும் பன்றி என்றும் அறியாது. சூலுடையது என்றும் குட்டி என்றும் அறியாது. அயலான் பசுவென்றும், இருளில் நீர் திறக்க வந்த தன் மகனென்றும் அறியாது. 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியின் பக்கத்தில், முறைகேடாகக் கொல்லையைச் சுற்றி இட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் பட்டு இறந்தன; உடன்வந்த இரண்டு கன்றுகள் மட்டும் பிழைத்து நின்றன. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு, மின்வேலி இடுவார் பதிவு செய்தல் வேண்டும் என்றும், வரையறைப்பட்ட ஆற்றலே பாய்ச்சல் வேண்டும் என்றும் விதி வகுத்தது. அவ்விதிப்படி அமையும் வேலி, தொட்ட விலங்கை அதிர்ச்சியால் விலக்கும், கொல்லாது. அது பழைய கவணின் புதிய வடிவம் எனலாம். நேர் மின்னிணைப்போ காவலன்று; கண்ணை மூடிக்கொண்டு செய்யுங் கொலையே. தான் உறங்கும்பொழுது நிகழ்ந்தமையால் தன் செயல் அன்றென்று அதனை இட்டவன் கூறவொண்ணாது.

தாய் இறப்பக் கன்று நிற்றல் என்பது இந்நாட்டார்க்குப் புதிய பொருளன்று. புதுக்கோட்டை நகரையடுத்த திருக்கோகர்ணத்துத் தலவரலாற்றிலே, பசு ஒன்று தன் செவியில் நீர் ஏந்திவந்து இறைவனை ஆட்டி வழிபட்டது என்பர். அதன் வழியிலே இறைவன் வேங்கையுருக் கொண்டு மறித்தனன். பசு, கன்றுக்குப் பாலூட்டிப் பூசையும் முடித்து மீள்வேன் என்று விடைபெற்றுச் சென்று, சொன்னபடியே வேங்கையின் முன் வந்து நின்றது. வேங்கை அதனை உண்ணவில்லை. வேங்கையாய் நின்ற பெருமான் காட்சி கொடுத்தருளினான். அவ்விடமே திருவேங்கைவாசல். கொல்லும் ஆற்றல் முழுதும் உடையவன், கன்றை நினைந்து வருந்தும் தாயை விடுத்த இடம் அது. இக்காடுகளில் இன்று வேங்கை இல்லை. மானுக்கு முன் வேங்கையின் இடத்தில் நிற்பவன் மனிதனே. விடுக்கவும் கொல்லவும் வல்ல நிலை அவன் கையதாயிற்று. அந்நிலையில் நின்று பெருமான் செய்து காட்டியது யாது என்பதை அவ்வூர்ப் பெயரே நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.

சட்டமும் இதற்குத் துணைசெய்கின்றது. 1963 ஆம் ஆண்டில் மயில் இந்நாட்டின் தேசியப்பறவை ஆயிற்று. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மானையும் மயிலையும் கொல்லுதலைத் தண்டத்துக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் சட்டத்தின் எல்லையும் அறத்தின் எல்லையும் ஒன்றல்ல. 2025 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு, காப்புக்காட்டினின்றும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாமென விதித்தது. பன்றியால் உழவர் உறும் இழப்பு பெரிதாகலின், அரசின்மேற் குறைகூறுதல் எளிதன்று. ஆயின் ஆணை உளதென்ற மாத்திரத்தே உள்ளம் மகிழ்தல் சைவர்க்கு ஏலாது. மதுரையிலே தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குத் தாய்ப்பன்றியாகி முலைகொடுத்தருளினான் சோமசுந்தரக் கடவுள் என்று பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்திற் கூறினர். அரசு வேறு வழி காணாது துணிந்ததனை, மற்றையோர் வழிகண்டு இல்லாததாக்குதலே தக்கது.

அவ்வழி உழவன் ஒருவனால் மட்டும் ஆவதன்று. ஈண்டுத்தான் இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி உள்ளது. உயிரிரக்கம் யாவர்க்கும் பொதுவாகிய அறமாயின், அதன் செலவும் பொதுவாதல் வேண்டும். பசுவிற்கு ஒருவாய் புல் ஈதலை இறைவனுக்குப் பச்சிலை இடுதலோடு ஒருங்குவைத்து யாவர்க்கும் இயல்வதென்று அருளினார் திருமூலர். அவ்வறத்தை ஊரார் அனைவர்க்குமாக ஏழை உழவன் ஒருவனே தன் கொல்லையில் நாடோறும் செய்துகொண்டிருக்க, ஏனையோர் அவனுக்குக் கொல்லாமையை உபதேசித்தல் நாணத்தக்கதாம். வனவிலங்கால் அழிந்த பயிருக்கு அரசு இழப்பீடு வழங்கும் முறை உண்டு. எழுத்தறியாத உழவனுக்கு அவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தலும், அதிகாரிகளிடம் உடன்சென்று வாங்குவித்தலும் சிவபுண்ணியமே. ஊர்ப்பொது நிலத்திலும், இசைவு பெற்றவழிக் கோயிற் காட்டிலும், பாலையும் வீரையும் இலுப்பையும் நட்டு வளர்த்தல் மற்றொன்று. இலுப்பையின் எண்ணெய் திருவிளக்கிற்கு ஆகும்; இளவேனிலில் உதிரும் அதன் இனிய பூ காட்டுயிர்க்கு உணவாகும்; ஒரு மரமே இருபூசைக்கும் உதவும். காட்டோரத்துக் குட்டைகளைத் தூர்வாரி மாசி பங்குனி வரை நீர் நிற்கச் செய்தல் பிறிதொன்று. காட்டில் நீர் நிற்குமாயின் மான் கொல்லைக்கும் நெடுஞ்சாலைக்கும் வாராது; வண்டியில் அடிபட்டும் நாய்களாற் கடியுண்டும் மாயாது. பரண்காவலை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளின் ஒருவன் உறக்கமே கெடவேண்டுவதில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் சிறிது இழப்பு நிற்கும். அதனை இல்லையெனல் பொய்யாம். எல்லையோரத்து இரண்டொரு சால் கடலை எவ்வாறேனும் போகும். அதனை உழவன் எவ்வாறு கொள்வது? நிலமும் நீரும் கருவி கரணங்களும் இறைவன் உயிர்கட்குக் கொடுத்தவை என்பது சித்தாந்தம். தனு கரண புவன போகங்கள் ஒரு பிறப்பினர்க்கே தரப்பட்டனவல்ல; மானுக்கும் அதன் உடலும் பொறியும் இடமும் நுகர்ச்சியும் அவனே தந்தான். உழவன் நிலத்தின் உடையவன் அல்லன்; சிலகாலம் ஆளப்பெற்றவனே. அங்ஙனம் உணர்ந்தானுக்கு எல்லைச்சால் இழப்பாகாது, பங்காகும். பறிகொடுத்தோம் என்று நினைப்பின் அதே கடலை வெகுளியை விளைக்கும். பகிர்ந்தோம் என்று நினைப்பின் புண்ணியத்தை விளைக்கும். போன கடலையின் அளவு இரண்டிடத்தும் ஒன்றே. உள்ளத்தின் நிலையே வேறு. இதனால் வறியவன் பசியோடிருக்க என்றதன்று. பங்கு தாங்கத்தக்க அளவினதாதற்கே மேற்கூறிய ஊரார் துணை வேண்டப்பட்டது.

திருக்கோயில்களில் எழுந்தருளியுள்ள சந்திரசேகர மூர்த்தியை வழிபடுவார், பெருமானது பின்னிரு திருக்கரங்களிலும் மழுவும் மானும் விளங்குதலைக் காண்பர். தாருகவனத்து முனிவர்கள் செருக்கினால் வேள்வி செய்து எழுப்பி, இறைவன்மேல் ஏவியவற்றுள் அவ்விரண்டும் சேர்ந்தன. பகைகொண்டு வந்த மானை அவன் கொன்றிலன். வந்த கையோடே ஏந்திக்கொண்டான். மழு மற்றொரு கையில் இருக்கின்றது. படைக்கலம் இல்லாமையால் மான் பிழைத்ததன்று. படைக்கலம் கையில் இருக்கவே பிழைத்தது. வலியில்லாதவன் கொல்லாதிருத்தல் எளிது. கவணும் கம்பியும் கையிலுடையவன், தன் விளைவை மேய்ந்து நிற்கும் உயிரைக் கண்டும் கொல்லாதிருத்தலே கொல்லாமை எனப்படும்.

அவ்வுழவன் வரப்பின்மேல் நின்று கைதட்டி ஓசைப்படுத்துவானாக. பிணை கூவும், மறி தாயைத் தொடரும், கூட்டம் புதருள் மறையும். அவன் குனிந்து எத்துணைச் செடி போயிற்றென எண்ணி, மடையைத் திறந்து நீர் பாய்ச்சுவானாக. ஓட்டியதும் அறமாயிற்று, ஓடவிட்டதும் அறமாயிற்று. பாய்ந்த நீர் எல்லைச்சாலையும் நனைத்துச் செல்லும்.

திருச்சிற்றம்பலம்